குட்டைச் சேற்றில் கிளம்பும் குமிழி மீத்தேன்தானா?

கேள்வி இதுதான். சூலூர்ப் பக்கம் ஒரு ஊர்க் குட்டை. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. கோடையில் தண்ணீர் இறங்கியதும் ஓரச் சேற்றில் கால் வைத்தால் குபுகுபுவென்று குமிழி வருகிறது, அழுகிய முட்டை நாற்றமும் அடிக்கிறது. அது மீத்தேனா? தீப்பிடிக்குமா? பிடித்து அடுப்பு எரிக்கலாமா? "மீத்தேன் பூமியைச் சூடாக்குது, குட்டையை மண்ணைப் போட்டு மூடிட்டா நல்லதுங்க" என்று ஊரில் ஒரு பெரியவர் சொல்கிறாராம், அது சரியா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் மீத்தேன்தான். திறந்தவெளியில் அது பற்றிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டியதில்லை. அடுப்புக்குக் கட்டுப்படியாகாது. குட்டையை மூடுவது தப்பு. கடைசியாகச் சொன்னதுக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

நான் வேதியியல் வாத்தியார் இல்லை. கோபி, அந்தியூர், பெருந்துறைப் பக்கம் தோட்டங்களில் சாண எரிவாயுக் கலன் கட்டிக்கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன். உங்கள் குட்டையில் தானாக நடப்பதைத்தான் நாங்கள் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டி நடத்துகிறோம். கலனைத் தெரிந்தவனுக்குக் குட்டை புரியும்.

வைக்கோல் போரைப் பாருங்கள். மழையில் நனைந்தால் மேலே பூஞ்சை பிடித்து மக்கிப்போகும், ஆனால் அதில் மீத்தேன் வராது. காற்றுப் படுகிற இடத்தில் மக்கும் செடி கொடி எல்லாம் கரியமில வாயுவாகப் போய்விடும். அதே வைக்கோலைத் தண்ணீருக்கடியில் சேற்றில் புதைத்துவிட்டால் கதை வேறு. சேற்றின் மேல்தோல் ஒரு சில மில்லிமீட்டர் வரைக்கும்தான் ஆக்சிஜன் இருக்கும். அதற்குக் கீழே உள்ள நுண்ணுயிர்கள் கிடைத்ததை வைத்து மூச்சு விட்டாக வேண்டும். முதலில் நைட்ரேட்டைப் பிடிக்கும், அப்புறம் மண்ணில் உள்ள இரும்புத் துருவை, அதுவும் தீர்ந்தால் சல்பேட்டை. ஒன்றுமே இல்லை என்ற நிலைமை வந்த பிறகுதான் மீத்தேன் உண்டாக்குகிற கூட்டத்துக்கு முறை வருகிறது. பந்தியில் கடைசி வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் இந்த வரிசையில் ஒரு படி முன்னால் நிற்பவர்களுடையது. சல்பேட்டைப் பிடித்த நுண்ணுயிர்கள் விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அதுவே சேற்று இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆவதால்தான் குட்டை அடிச்சேறு மையாட்டம் கருப்பாக இருக்கிறது. மீத்தேனுக்கு நாற்றமே கிடையாது, நிறமும் கிடையாது. "கேஸ் நாத்தம் அடிக்குதுங்க, மீத்தேன் வந்துருச்சுங்க" என்று போன் பண்ணுகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சிலிண்டர் வாயுவுக்குக்கூட அந்த வாடை சொந்தமில்லை. கசிந்தால் தெரியட்டும் என்று கம்பெனியில் சேர்ப்பது.

அந்தக் கடைசி வரிசைக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம். ரொம்ப நாள் இவற்றையும் பாக்டீரியா என்றே எழுதிவந்தார்கள். 1977இல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இவை பாக்டீரியாவிலிருந்து அடியோடு விலகிய தனிக் குலம் என்று காட்டினார்கள். இப்போது ஆர்க்கியா என்கிறோம். ஆக்சிஜன் பட்டாலே இவற்றுக்கு ஆகாது. இலையையும் தண்டையும் நேராகத் தின்னவும் தெரியாது. வேறு நுண்ணுயிர்கள் முதலில் செடியை உடைத்துச் சர்க்கரையாக்கி, அதைப் புளிக்க வைத்து அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கரியமில வாயு என்று கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அசிட்டிக் அமிலத்தை இரண்டாக வெட்டியோ, ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்தோ இவை மீத்தேன் ஆக்கும். ஒரு கரி (கார்பன்) அணு, அதைச் சுற்றி நாலு ஹைட்ரஜன். அவ்வளவுதான் அந்தப் பொருள்.

கலன் கட்டும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதுக் கலனில் சாணி கரைத்து ஊற்றி முதலில் சேரும் கேஸ் எரியாது. புளிக்கவைக்கிற கூட்டம் சீக்கிரம் பெருகிவிடும், ஆர்க்கியா மெதுவாகத்தான் பெருகும். அதனால் முதலில் வருவதில் பெரும்பங்கு கரியமில வாயு. அதைத் திறந்து விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாமல், விசேஷத்தில் மீந்த சோறு, பழையது எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் கலன் புளித்துப்போகும். அமிலம் ஏறி ஆர்க்கியா சுருண்டுவிடும், அடுப்பு அணைந்துவிடும்.

சாணியை ஏன் விரும்புகிறோம் என்றால் இந்த ஆர்க்கியா ஏற்கெனவே மாட்டின் வயிற்றில் குடியிருக்கிறது. சாணி தீனியும் ஆகிறது, உறைமோரும் ஆகிறது. மாட்டின் முதல் இரைப்பை என்பதே காற்றுப் புகாத, வெதுவெதுப்பான ஒரு நடமாடும் சதுப்பு நிலம்தான். (மாடு மீத்தேனைப் பெரும்பாலும் ஏப்பமாகத்தான் விடுகிறது. பின்பக்கம் வழியாக என்று நினைத்துச் சிரிப்பவர்கள் திசையை மாற்றிக்கொள்ளலாம்.)

இந்த வாயுவைச் சதுப்பு நிலத்திலிருந்து பிடித்து ஆராய்ந்து பார்த்தவர் அலெஸாண்ட்ரோ வோல்டா. மின்கலம் கண்டுபிடித்த அதே வோல்டா. 1776 நவம்பரில், வடக்கு இத்தாலியில் உள்ள மாஜோரே ஏரியின் ஓரத்தில், நாணல் காட்டுச் சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்தார். கொளுத்திப் பார்த்தார், நீலமாக எரிந்தது. இன்றைக்கும் ஒரு குட்டையில் இருப்பதைச் சோதிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சேற்றில் உண்டான மீத்தேன் வெளியே வர மூன்று வழி இருக்கிறது. இந்த இடம்தான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள்.

ஒன்று, தண்ணீரில் கரைந்து மெல்ல மேலே ஏறுவது. இப்படி ஏறுகிற மீத்தேன் ஆக்சிஜன் இருக்கிற மேல்பகுதிக்கு வந்ததும், அங்கே மீத்தேனையே தின்று வாழும் வேறு பாக்டீரியாக் கூட்டம் காத்திருக்கும். பெரும்பங்கைத் தின்று கரியமில வாயுவாக்கிவிடும். நல்ல தண்ணீர் நிற்கிற, காற்று அலைக்கிற குளம் தான் உண்டாக்கியதில் பாதிக்கு மேல் தானே செரித்துக்கொள்ளும்.

இரண்டாவது, செடி வழியாக. தாமரைத் தண்டை ஒடித்தால் உள்ளே துளை துளையாக இருக்குமே, நாம் சின்ன வயதில் அதை வைத்துத் தண்ணீர் உறிஞ்சி விளையாடவில்லையா? சேற்றில் நிற்கும் வேருக்கு ஆக்சிஜன் அனுப்பத்தான் செடி அந்தக் குழாயை வைத்திருக்கிறது. சம்பு, நாணல், நெல் எல்லாவற்றுக்கும் இது உண்டு. போகிற வழியில் ஆக்சிஜன் கீழே இறங்குகிறது, அதே வழியில் மீத்தேன் மேலே ஏறி நேராகக் காற்றில் கலந்துவிடுகிறது. நெல் வயலில் வெளியேறும் மீத்தேனில் மிகப் பெரிய பங்கு பயிரின் தண்டு வழியாகத்தான் போகிறது.

மூன்றாவதுதான் நீங்கள் பார்த்த குமிழி. மீத்தேன் தண்ணீரில் அதிகம் கரையாது. சேற்றுக்குள் சேர்ந்து சேர்ந்து, ஒரு அளவுக்கு மேல் தாங்காமல் குமிழியாகக் கிளம்பும். கரியமில வாயு தண்ணீரில் கரைந்து பின்தங்கிவிடுவதால் குமிழியில் மீத்தேன் பங்கு தூக்கலாகவே இருக்கும். குமிழி சரசரவென்று ஏறிவிடுவதால் மேலே காத்திருக்கும் பாக்டீரியாவுக்குத் தின்ன நேரமே கிடைக்காது. ஆழமில்லாத குட்டையில் இந்த வழிதான் ஓங்கி நிற்கும். கோடையில் அதிகம் தெரிவதற்குக் காரணம் இரண்டு. சூடு 10 டிகிரி ஏறினால் மீத்தேன் உற்பத்தி இரண்டு மூன்று மடங்காகும். தண்ணீர் மட்டம் இறங்கும்போது சேற்றின் மேல் அழுத்தம் குறைந்து, அடக்கி வைத்திருந்ததை அது விட்டுவிடும். உங்கள் கால் செய்வதும் அந்த வேலையைத்தான்.

இப்போது உங்கள் ஆகாயத்தாமரைக்கு வருவோம். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக ஊர் ஊராகக் கொண்டுபோன செடி. சாக்கடைத் தண்ணீர் வந்து சேர்கிற குட்டையில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளமாகக் கிடைக்கும், இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். ஜமுக்காளம் விரித்த மாதிரி மூடிவிட்டால் காற்றும் வெயிலும் தண்ணீரில் படாது. கீழே ஆக்சிஜன் சுத்தமாகத் தீர்ந்துபோகும். அடியில் மூழ்கி அழுகும் இலையும் வேரும் ஆர்க்கியாவுக்குத் தீனி ஆகும். சாக்கடையோ இன்னொரு தீனி. மீத்தேனைத் தின்கிற பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜனும் இல்லை. உற்பத்தி கூடி, செரிமானம் நின்றுபோன நிலைமை. குட்டை என்றால் கொஞ்சம் குமிழி எப்போதும் வரும், நம் அப்புச்சி காலத்திலும் வந்திருக்கும். கால் வைத்த இடமெல்லாம் கொப்பளிப்பது குட்டையின் இயல்பு இல்லை. நாம் ஊட்டிவிட்டது.

அடுப்புக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டிவிடுகிறேன், ஆசை தீரட்டும். சதுப்பு நிலங்களில் மீத்தேன் வரும் அளவு இடத்துக்கு இடம் பயங்கரமாக மாறும். ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 200 மில்லிகிராம் என்று நடுவாந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 0.3 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குச் சமைக்க நாளைக்கு 1.2 கன மீட்டர் சாண எரிவாயு வேண்டும், அதில் மீத்தேன் மட்டும் 700 லிட்டர். வகுத்துப் பார்த்தால் 2,300 சதுர மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட 57 சென்ட் பரப்பைத் தார்ப்பாய் போட்டு மூடிப் பிடிக்க வேண்டும். அதுவும் ஒரு வீட்டுக்கு! கட்டுத்தரையில் நாலைந்து மாடு இருந்தால், தினம் 50 கிலோ சாணியில் 2 கன மீட்டர் கேஸ் எடுக்கலாம், கலன் நிற்க ஒரு சென்ட் இடம்கூட வேண்டாம். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு மீத்தேன் பிடிக்கிறார்கள். அங்கே மரவள்ளி மாவுச்சத்து தண்ணீரில் கெட்டியாகக் கரைந்து வருகிறது, அதனால் கட்டுப்படியாகிறது. குட்டை அப்படி இல்லை.

தீப்பிடிக்குமா? காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்திருந்தால்தான் அது பற்றும். காற்றைவிட எடை குறைவு, பாதிக்குச் சற்றே மேல்தான், அதனால் திறந்த குட்டையில் கிளம்பியதும் மேலே போய்க் கலைந்துவிடும். தானாகவும் பற்றாது, அதற்கு 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். "அப்போ கொள்ளிவாய்ப் பிசாசு?" என்று யாராவது கேட்பீர்கள். என் அப்புச்சியும் ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம் நெருப்பு நடந்து போனதைப் பார்த்ததாகச் சத்தியம் செய்வார். சதுப்பு வாயு எரிவதுதான் அது என்று புத்தகங்களில் எழுதியிருக்கும், ஆனால் பற்றவைத்தது எது என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. அழுகலில் கொஞ்சம் உண்டாகும் பாஸ்பரஸ் வாயுக்கள் காற்றுப் பட்டதும் தானாகப் பற்றும் என்பது ஒரு பழைய விளக்கம். அப்புச்சி பார்த்தது பக்கத்துத் தோட்டத்துக்காரர் பீடியோ என்னவோ.

ஆபத்து திறந்த குட்டையில் இல்லை, மூடிய குழியில் இருக்கிறது. இதை ஒவ்வொரு ஊரிலும் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். பாழுங்கிணறு, செப்டிக் டேங்க், பழைய எரிவாயுக் கலன், சாக்கடைக் குழி. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு கலனைக் காலி செய்த கையோடு உள்ளே இறங்கினேன். நாலு படி. தலை கிர்ரென்றது, கால் இருக்கிற இடம் தெரியவில்லை. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் மேலே இருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள், இன்றைக்கு இதை எழுதுகிறேன். அங்கே ஆளை வீழ்த்துவது நெருப்பு இல்லை. ஆக்சிஜன் இல்லாமை, கூடவே ஹைட்ரஜன் சல்பைடு. அது காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, "வாடை போயிருச்சு" என்று இறங்குகிறவர் திரும்புவதில்லை. அவரைத் தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சேர்ந்து போவதைத்தான் செய்திகளில் பார்க்கிறோம். அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது ஆக்சிஜன் இருக்கிறதா என்று மட்டும் காட்டும், விஷவாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்க வைத்துவிடும். வாயுவை அளக்கும் கருவியும் காற்று ஊதும் மின்விசிறியும் இல்லாமல் எந்தக் குழியிலும் இறங்காதீர்கள், ஆள் விட்டும் இறக்காதீர்கள்.

பெரியவர் மீத்தேன் என்றதும் பதறியதற்குக் காவிரி டெல்டா மீத்தேன் திட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம். மன்னார்குடிப் பக்கம் எடுக்க நினைத்ததும் இதே வாயுதான், ஆனால் இருப்பிடம் வேறு. பூமிக்குள் ஆழத்தில் நிலக்கரிப் படுகையில் ஒட்டிக்கிடப்பது. அதை எடுக்க நிலத்தடி நீரை இறைத்துக் கொட்ட வேண்டும் என்பதுதான் விவசாயிகளின் பயம். இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் கடைசியில் காலமானபோது அந்த எதிர்ப்புப் பிரச்சாரத்தில்தான் இருந்தார். அப்புறம் 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் வந்தது. அந்த நிலக்கரியும் ஒரு காலத்துச் சதுப்புக் காடுதான் என்பது வேறு விஷயம். உங்கள் குட்டைக் குமிழிக்கும் அந்தத் திட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

சரி, மூடும் விவகாரம். பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. மீத்தேன் காற்றில் சுமார் 12 வருஷம்தான் தங்கும், ஆனால் இருக்கிறவரைக்கும் வேலை செய்யும். நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு, இருபது வருஷக் கணக்கில் சுமார் 80 மடங்கு சூடு பிடிக்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 0.7 பங்கு இருந்தது, இப்போது 1.9ஐத் தாண்டிவிட்டது. இயற்கையில் மீத்தேன் விடும் இடங்களில் சதுப்பு நிலம்தான் முதல் இடம். இதெல்லாம் சரி.

மறு பாதியை அவர் விட்டுவிட்டார். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் செடியின் மரச்சத்து சுலபத்தில் மக்காது, தேங்கிக்கொண்டே போகும். அதாவது குளம் கரியைப் புதைத்தும் வைக்கிறது. நமக்கு மேலே நீலகிரியில் சதுப்புகளுக்கு அடியில் இருக்கும் கரிமண்ணின் வயது 20,000 வருஷத்துக்கு மேல். நம் குட்டை அவ்வளவு பெரிய ஆள் இல்லை, ஆனாலும் வேலை அதே வேலைதான். வற்ற விட்டுக் காயப்போட்டால் அந்தக் கரி எல்லாம் காற்றுப் பட்டுக் கரியமில வாயுவாகக் கிளம்பும். மண்ணையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி மூடினாலோ, அடியில் சிக்கிய சேறு காற்றில்லாமல் அதே மீத்தேனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கோயம்புத்தூர் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு கோடையில் பற்றி எரிவதைப் பார்த்திருக்கிறோம். புதைந்த குப்பையில் மீத்தேன் உண்டாவது அப்படிப்பட்ட தீக்குத் தீனி போடும். அதோடு ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி வருகிற நம் சீமையில் இருக்கிற குட்டையை மூடுவதாவது? ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இலும், திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இலும், உலக அளவில் காப்பாற்ற வேண்டிய ஈர நிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியிருக்கின்றன. அந்தக் குளங்களிலும் குமிழி வரும்தான். யாரும் மூடச் சொல்லவில்லை.

குறைக்க வேண்டுமானால் குறைக்க வழி இருக்கிறது. கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்காலில் நெல் நடுகிறவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால், இடையிடையே மண் காய்ந்து ஆக்சிஜன் உள்ளே போய் மீத்தேன் பாதியளவுக்குக் குறையும். நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வாயு கொஞ்சம் கூடும், ஆனாலும் மொத்தத்தில் லாபம்தான். தண்ணீரும் மிச்சம்.

குட்டையில் முதல் வேலை சாக்கடையை நிறுத்துவது. அதைச் செய்யாமல் ஆகாயத்தாமரையை எத்தனை முறை அள்ளினாலும் திரும்ப வரும், விதை சேற்றில் பதினைந்து வருஷத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். அள்ளுவதைப் பூக்கும் முன்னால் அள்ளுங்கள். அள்ளியதைத் தண்ணீர் ஓரத்திலேயே அம்பாரமாகப் போட்டுவிட்டுப் போவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது. அது அங்கேயே அழுகி, சாறு திரும்பக் குட்டைக்குள் இறங்கும். மேட்டில் பரப்பிக் காயவிட்டு, சாணியோடு அடுக்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு மக்க வையுங்கள். எரிவாயுக் கலனில் போடலாமா என்று கேட்பார்கள். நறுக்கிச் சாணியோடு போட்டால் கேஸ் வரும், ஆனால் மேலே மிதந்து ஏடு கட்டிக் குழாயை அடைத்துவிடும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆலைக் கழிவு வந்து சேர்கிற குட்டை என்றால் இன்னொன்று, இந்தச் செடி ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த மக்கைக் கீரை, காய்கறிப் பாத்திக்குப் போடாதீர்கள். வைகாசிக்குள் வண்டல் எடுக்க அனுமதி வாங்கி அள்ளித் தோட்டத்துக்கு அடித்துவிட்டால், ஆர்க்கியாவின் தீனியில் பெரும்பங்கு கரையேறிவிடும், தண்ணீர் நிற்க ஆழமும் கிடைக்கும்.

அந்த வோல்டா சோதனை. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும், கண்ணாடி வேண்டாம். வாயில் ஒரு புனலைச் செருகி, தண்ணீர் நிரப்பி, புனல் கீழே பார்க்கத் தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடியுங்கள். இன்னொருவர் நீளக் குச்சியால் சேற்றைக் கிளறட்டும். பாதி பாட்டில் சேர்ந்ததும் தண்ணீருக்குள்ளேயே புனலை எடுத்துவிட்டு மூடியைத் திருகிவிடுங்கள். கரைக்கு வந்து, பாட்டிலை நிமிர்த்தித் திறந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு வாய்ப்பக்கம் நீளமான தீக்குச்சியைக் காட்டுங்கள். பிள்ளைகளைத் தனியாகச் செய்ய விடாதீர்கள். உச்சி வெயிலில் செய்தால் ஒன்றும் தெரியாது, ஏமாந்து போவீர்கள். பொழுது இறங்கி மசமசவென்று இருட்டும் நேரத்தில் செய்யுங்கள். அந்த நீலச் சுடர் அப்போதுதான் கண்ணுக்குப் படும், அதுவும் ஒரு நொடிதான்.